காசு சேரட்டும் என்று காத்திருக்கும் கனவுகள்

"கையில் கொஞ்சம் காசு சேரட்டும், அதன்பிறகு பார்ப்போம்." கொழும்பில் வாழும் தமிழ் பேசும் மக்களிடையே நாள்தோறும் செவியில் விழுகின்ற வாக்கியம் இது. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வசதியற்ற பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பொன்று நடத்த விரும்புகிறார். அதற்கென ஒரு மண்டபம் எடுக்கப் பணம் வேண்டுமென்று மூன்று வருடங்களாகக் காத்திருக்கிறார். கொட்டாஞ்சேனையில் கைப்பக்குவத்திற்குப் பெயர்பெற்ற ஒரு தாய், சொந்தமாக உணவகம் திறப்பதற்கான முற்பணம் சேரும்வரை பிறருடைய கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். புறக்கோட்டை மொத்த வியாபார நிலையமொன்றில் கணக்கு எழுதும் நானா ஒருவருக்குத் தமது ஊரின் வரலாற்றை நூலாக்க வேண்டுமென்பது இளமைக்கால ஆசை. அச்சுச் செலவை எண்ணியே அவர் இன்னும் முதலாவது பக்கத்தை எழுதவில்லை. இவர்களைப் போன்றோர் நம் ஒவ்வொருவரது உறவினர் வட்டத்திலும் உள்ளனர். நம்மில் பலர் இவர்களாகவே இருக்கிறோம்.

இக்காத்திருப்பைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. இந்நகரில் வாழும் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் காத்திருப்பதற்கான காரணங்களை வரலாறு தாராளமாகவே வழங்கியிருக்கிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வர்த்தக நிலையங்களும் வீடுகளும் எரிந்தபோது, பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் சாம்பலானதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சேமிப்பு, கடை, காணி யாவற்றையும் விட்டுவிட்டே வந்தனர். யுத்தகாலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த லொட்ஜ்களில் வீசாவுக்காகவும் வெளிநாட்டு உறவினரின் அழைப்புக்காகவும் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களுக்குக் காத்திருப்பதே ஒரு வாழ்க்கை முறையாகிப் போயிற்று. யுத்தம் 2009இல் முடிவடைந்தது. பின்னர் 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் வழிபட வந்தவர்கள் பலியாகினர். அதைத் தொடர்ந்து முஸ்லிம் வர்த்தகர்கள் புறக்கணிப்புக்கும் வன்முறைக்கும் முகங்கொடுத்தனர். 2020இல் கொரோனா. 2022இல் பொருளாதார வீழ்ச்சி. "நிலைமை சரியாகட்டும்" என்று சொல்வதற்கு இங்கே எப்போதும் ஒரு நிலைமை இருந்துகொண்டேயிருக்கிறது.

எனினும் அந்த 2022ஆம் ஆண்டுதான் காத்திருப்பு பற்றிய நமது கணக்கைத் தலைகீழாக்கியது என்பதையும் சிந்திக்க வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி நெகிழவிடப்பட்டதும் மே மாதமளவில் அது 360 ரூபா வரை சென்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதமாகவும், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதமாகவும் பதிவாயிற்று. இறக்குமதி செய்யப்படும் இயந்திரமொன்றை வாங்குவதற்காகப் பத்து இலட்சம் ரூபா சேர்த்து, "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்று வங்கியில் வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடமிருந்த ஏறத்தாழ 5000 டொலர் பெறுமதியான தொகை சில வாரங்களுக்குள் 2800 டொலருக்கும் குறைவானதாகச் சுருங்கிற்று. ஒரு சதமேனும் அவர் செலவழிக்கவில்லை, எவரும் திருடவுமில்லை. முந்தைய வருடமே அரைப்பங்கு பணத்தில் ஒரு சிறிய இயந்திரத்தை வாங்கியிருந்தவரோ, மின்வெட்டு நேரம் போக எஞ்சிய வேளையிலாவது அதனை இயக்கிக்கொண்டிருந்தார். தொடங்கியவர்கள் எல்லோரும் தப்பினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எத்தனையோ சிறு கடைகள் அக்காலத்தில் மூடப்பட்டன. ஆனால் காத்திருப்பது செலவில்லாத காரியம், தொடங்குவது மாத்திரமே ஆபத்தானது என்ற நமது நெடுநாள் எண்ணம் பிழையானதென்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

பணம் சேரும்வரை காத்திருக்காத ஒருவரின் வரலாறு கொட்டாஞ்சேனைக்கு மிக அண்மையிலேயே இருக்கிறது. கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியில் அமைந்திருந்த சிறிய அலுவலகமொன்றை நமது வாசகர்களில் மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். "மல்லிகை" சஞ்சிகை அங்கிருந்துதான் வெளிவந்தது. அதன் ஆசிரியர், வெளியீட்டாளர், விற்பனையாளர் எல்லாமாக இருந்தவர் டொமினிக் ஜீவா.

1927 ஜூன் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலைச் செய்துவந்த குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். சாதியின் பெயரால் வகுப்பறையில் நேர்ந்த அவமதிப்பு, ஐந்தாம் வகுப்போடு அவரது பாடசாலைக் கல்வியை முடித்துவைத்தது. கஸ்தூரியார் வீதியிலிருந்த குடும்பத்தாரின் ஜோசப் சலூனே அவருக்குத் தொழிற்கூடமும் கல்விக்கூடமுமாயிற்று. அக்காலத்தில் சலூன் என்பது ஒருவகையில் ஊரின் வாசிகசாலை. முறைக்காகக் காத்திருப்போருக்குப் பத்திரிகைகள் போடப்பட்டிருக்கும். அரசியலும் இலக்கியமும் அங்கே உரத்த குரலில் விவாதிக்கப்படும். தமிழகத்தின் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்பால் கொண்ட ஈடுபாட்டினால் தமது பெயரோடு ஜீவா என்பதையும் இணைத்துக்கொண்ட அவர், சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். 1960இல் வெளியான "தண்ணீரும் கண்ணீரும்" என்ற அவரது முதற் சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

பரிசு பெற்ற எழுத்தாளர் என்ற மதிப்போடு அவர் நின்றிருக்கலாம். 1966 ஆகஸ்ட் 15ஆம் திகதி, தமது 39ஆவது வயதில், "மல்லிகை"யின் முதலாவது இதழை வெளியிட்டார். அன்றைய சூழ்நிலையை நினைத்துப் பார்த்தால்தான் அந்தக் காரியத்தின் துணிவு விளங்கும். ஈழத்தில் இலக்கியச் சஞ்சிகைகள் நீண்டகாலம் வாழ்வதில்லை என்பது அப்போது நிரூபணமான உண்மையாகவே கருதப்பட்டது. 1946இல் தொடங்கிய "மறுமலர்ச்சி" 1948இல் நின்றுபோயிற்று. 1958 முதல் வெளிவந்த "கலைச்செல்வி"யும் 1966உடன் ஓய்ந்தது. தமிழகத்திலிருந்து வந்து குவியும் வணிக சஞ்சிகைகளின் பளபளப்போடு உள்ளூர் வெளியீடுகள் போட்டியிட வேண்டியிருந்தது. நன்கு படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் தயங்கிய அந்த முயற்சியில், ஐந்தாம் வகுப்புப் படித்த முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறங்கினார்.

அவரிடம் மூலதனம் இருக்கவில்லை. ஆனால் இதழ் தொடங்கத் தேவையான வேறு பல அவரிடம் இருந்தன. இந்த இடத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். அலுவலகத்திற்கென வாடகைக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை, சலூன் இருந்தது. வாசகர்களைத் தேடி விளம்பரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. வாடிக்கையாளர்களே முதல் வாசகர்கள். எழுதுவோரைத் தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் நண்பர்கள் கூடவே இருந்தனர். விநியோகத்திற்கு வாகனமும் முகவரும் இல்லாத குறையை அவரது தோளும் கால்களும் தீர்த்தன. இதழ்களைப் பையில் நிரப்பித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, தெருத்தெருவாகவும் இலக்கியக் கூட்டங்களிலும் தாமே விற்றார். வாங்குபவரிடமிருந்து வரும் சில்லறைதான் அடுத்த இதழுக்கான தாளாக மாறிற்று. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. ஓர் இதழின் பணம் திரும்பி வருமுன்னர் மறு இதழுக்கான வேலை தொடங்கிவிடும்.

கனவொன்றைக் கண்டவுடன் நாம் அதனை முழு வளர்ச்சியடைந்த உருவத்திலேயே காண்கிறோம். சஞ்சிகை என்றால் கட்டடம், இயந்திரம், ஊழியர், வழவழப்பான தாள். உணவகம் என்றால் காலி வீதியில் கண்ணாடிக் கதவு. அந்த முழு உருவத்திற்குரிய விலையைக் கணக்கிட்டு, அது நம்மிடம் இல்லையென்று முடிவுகட்டிவிடுகிறோம். ஜீவா கணக்கிட்டது ஓர் இதழின் செலவை மாத்திரம். கனவின் மிகச் சிறிய, ஆனால் உயிருள்ள ஒரு வடிவத்தை அவர் கண்டுபிடித்திருந்தார். மெல்லிய சஞ்சிகையாயினும் அது சஞ்சிகைதான். அதில் வெளியான சிறுகதை சிறுகதைதான்.

இன்னொன்றையும் அவர் செய்தார். தொழிலை உடனே கைவிடவில்லை. கத்தரிக்கோலும் பேனாவும் நீண்டகாலம் அருகருகே இருந்தன. தொழிலை விட்டுவிட்டுக் கனவைத் துரத்துங்கள் என்று மேடைகளில் முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வீட்டு வாடகையைப் பற்றி ஏனோ பேசுவதில்லை!

1990களில் யாழ்ப்பாணத்தில் நிலவிய பொருளாதாரத் தடையும் தாள் தட்டுப்பாடும் இடப்பெயர்வும் இதழின் ஓட்டத்தைத் தடுத்தன. எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் கொழும்புக்கு வந்து, கதிரேசன் வீதியில் மீண்டும் ஆரம்பித்தார். அந்த வயதில், சொந்த ஊரில் கட்டியெழுப்பிய யாவற்றையும் விட்டுவந்த நிலையில், ஒருவர் ஓய்ந்திருந்தாலும் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். "மல்லிகைப் பந்தல்" என்ற பெயரில் நூல்களும் தொடர்ந்து வெளிவந்தன. 2012 வரை, ஏறத்தாழ 46 வருடங்களில், 400 அளவிலான இதழ்கள். 2021 ஜனவரி 28ஆம் திகதி கொழும்பில் அவர் காலமானார்.

நமது வாசகர்களுக்கு மிக முக்கியமான செய்தி ஒன்று இதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சலூனில் பிறந்த அந்த இதழ் யாழ்ப்பாணத்தவருக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. தெற்கே திக்குவல்லையிலிருந்து எழுதிய கமால் போன்ற முஸ்லிம் படைப்பாளிகளுக்கும், மலையக எழுத்தாளர்களுக்கும் அது களமாக இருந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மேமன் சமூகத்திலிருந்து வந்து தமிழ்க் கவிஞரான மேமன்கவி, மல்லிகையோடும் ஜீவாவோடும் மிக நெருக்கமாக இருந்தவர். சிங்களப் படைப்பாளிகளின் எழுத்துகளும் மொழிபெயர்க்கப்பட்டு அதில் வெளியாயின. "போதிய பணம் சேர்ந்தபின் தொடங்குவேன்" என்று ஜீவா காத்திருந்திருப்பாரானால், இழப்பு அவருடைய தனிப்பட்ட இழப்பாக முடிந்திராது. ஒரு கனவைத் தள்ளிப்போடும்போது, அக்கனவினால் பயன்பெறவிருந்த, நமக்கு இன்னும் அறிமுகமே ஆகாத மனிதர்களின் வாய்ப்பையும் சேர்த்தே தள்ளிப்போடுகிறோம்.

முஸ்லிம் சமூகத்தின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பானதொரு முன்மாதிரி உண்டு. அறிஞர் சித்திலெவ்வை கண்டியில் பிறந்து சட்டத்தரணியாக விளங்கியவர். ஜீவாவைப் போன்று வறுமையில் வாடியவரல்லர். ஆயினும் ஒரு சமூகத்திற்கே கல்வி வழங்க வேண்டுமென்ற அவரது கனவின் அளவோடு ஒப்பிட்டால் எந்தத் தனிமனிதரின் செல்வமும் சிறியதே. சமூகம் நிதி திரட்டித் தரும்வரை அவர் பொறுத்திருக்கவில்லை. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் "அஸன்பேயுடைய கதை"யை வெளியிட்டு இலங்கையில் தமிழ் நாவலுக்கு முன்னோடியானார். கல்விக்காக அவர் எடுத்த ஆரம்ப முயற்சிகள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும், வாப்பிச்சி மரைக்காரின் கொடையும் இணைந்தபோது 1892இல் மருதானையில் உருவான கல்விக்கூடமே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. செல்வந்தர்களின் கொடை வந்தது உண்மை. ஆனால் பத்து வருடங்களாகப் பத்திரிகை வாயிலாகவும் பேச்சு வாயிலாகவும் ஒருவர் உழைத்துக்கொண்டிருந்த பின்னரே அது வந்தது. கொடையாளர்கள் பெரும்பாலும் அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும் காரியத்தைக் கண்டே கைகொடுக்கிறார்கள்.

இவ்விடத்தில் வாசகர்களுள் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "வீட்டு வாடகையும் பிள்ளைகளின் டியூஷன் கட்டணமும் கொடுத்தபின் மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத எமக்கு எதற்கு இந்தக் கதைகள்?" நியாயமான கேள்வி. குமரிருக்கும் வீட்டில், நோயாளியிருக்கும் வீட்டில், கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் சேமிப்பைத் தொட்டுவிட்டுக் கனவின் பின்னால் போ என்று கூறுவது பொறுப்பற்ற செயல். இப்போதே தொடங்குதல் வேறு, இப்போதே கடன்படுதல் வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் நேர்ந்த துயரங்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

பங்களாதேஷில் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், சிட்டகொங்கிற்கு அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்தில் 1976இல் 42 குடும்பங்களுக்குத் தமது பையிலிருந்து கொடுத்த மொத்தத் தொகை 27 டொலர். மிகச் சிறிய தொகையே ஒரு தொழிலை அசைக்கப் போதுமானது என்பதை அது காட்டியது. அதிலிருந்து கிராமின் வங்கி பிறந்தது. ஆனால் அதே நுண்கடன் என்ற பெயரோடு யுத்தத்தின் பின்னர் நமது வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்கு வந்த நிறுவனங்கள் பல, வாராந்தத் தவணையும் கொடிய வட்டியுமாகப் பெண்களைக் கசக்கிப் பிழிந்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று அவர்கள் அலைந்தார்கள். நிலைமை எவ்வளவு மோசமாயிற்றென்றால், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைப் பெற்றிருந்த பெண்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியேற்பட்டது. வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதன் காரணத்தை முஸ்லிம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செட்டியார் தெருவில் தாலிக்கொடியை அடகுவைத்துவிட்டு மீட்க முடியாமற்போன தமிழ்க் குடும்பங்களும் அதனை அனுபவத்தால் அறியும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு பணம் வேண்டும் என்பதாக இருக்கக் கூடாது. எதுவரை பணமின்றியே செல்லலாம் என்பதாகவே இருக்க வேண்டும். நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆசிரியைக்கு மண்டபம் தேவையா? அவரது தொடர்மாடி வீட்டின் முன்னறையில் நான்கு பிள்ளைகள் தாராளமாக அமரலாம். நாற்பது பிள்ளைகள் என்ற கனவு அந்த நான்கு பேருக்கு இன்று கிடைக்கக்கூடிய கணித பாடத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் அப்பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிவிடுவார்கள். பணம் சேர்ந்தாலும் அவர்களுக்கு அது உதவாது. கொட்டாஞ்சேனைத் தாய், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அயலிலுள்ள பத்து வீடுகளுக்குத் தமது பெயரிலேயே சாப்பாடு கட்டிக்கொடுத்துப் பார்க்கலாம். கடைக்காரருக்கு அவிக்கும் இடியப்பத்தை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. பத்து வீட்டாரும் மறுவாரம் மீண்டும் கேட்கிறார்களா என்பது, இலட்சக்கணக்கில் முற்பணம் கொடுத்துக் கடையெடுத்த பின்னர் அறிவதைவிட முன்னரே அறியத்தக்க செய்தியல்லவா?

கணக்கெழுதும் நானாவின் நிலை இன்னும் தெளிவானது. அவருடைய ஊரின் பழைய பள்ளிவாசலைப் பற்றியும், முதலில் குடியேறிய குடும்பங்களைப் பற்றியும் அறிந்த முதியவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் கடந்திருப்பார்கள். அச்சுக்கூலி அவர்களுக்காகக் காத்திருக்கும்; அவர்கள் அச்சுக்கூலிக்காகக் காத்திருக்க முடியாது. ஒரு பயிற்சிக் கொப்பியும், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலமும், கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதியும் போதும். ஐந்து வருடங்களின் பின்னர் பணத்தோடு அவர் ஊருக்குப் போகும்போது பேசுவதற்கு யார் இருப்பார்கள்?

வெள்ளவத்தைக்கு உரியதொரு சான்றையும் இங்கு கூறவேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. நமது நூல்களைக் காப்பாற்ற வேண்டுமென்று அதன்பிறகு பேசாதவர்கள் இல்லை. பெரிய நிதியம், பெரிய கட்டடம் என்று திட்டங்களும் பேசப்பட்டன. 2005 ஜனவரியில் கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் இணையத்தில் "நூலகம்" என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அவர்களிடம் நிதியமும் இல்லை, கட்டடமும் இல்லை. தன்னார்வலர்கள் கிடைத்த நூல்களைத் தட்டச்சுச் செய்து ஏற்றினார்கள். பின்னர் ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நூல்களே இருந்தன. அதனைக் கண்டு இதுவொரு நூலகமா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். நன்கொடைகளும், வெள்ளவத்தையில் அலுவலகமும், நிறுவன அமைப்பும் பின்னாளில் வந்து சேர்ந்தவை. இன்று பல்லாயிரக்கணக்கான நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் உலகின் எந்த மூலையிலிருந்தும் அங்கே இலவசமாகப் படிக்க முடிகிறது.

மல்லிகை ஜீவாவைச் செல்வந்தராக்கவில்லை. 1966இல் இல்லாத மூலதனம் 1976இலோ 1986இலோ அவருக்கு வந்து சேர்ந்துவிடவுமில்லை. காத்திருந்திருந்தால் 2021 வரையும் அவர் காத்திருந்திருக்கலாம். அவர் தோளில் சுமந்து விற்ற மல்லிகை இதழ்களை நூலகத்தின் இணையத்தளத்தில் இப்போது படிக்கலாம். கைத்தொலைபேசி போதும், கட்டணம் இல்லை.